ஒரே ஒரு கேள்வியும் மூவாயிரத்து ஐந்நூற்று ஐம்பது படிகளும்

2017 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். சித்தூரில் தூறல். நனைந்தோம் என்று சொல்லவும் முடியாது, நனையவில்லை என்று சொல்லவும் முடியாது. பஸ் ஸ்டாண்டில் நான் நின்ற இடத்துக்கு மேலே கூரையில் நான்கு ஓட்டைகள். அவற்றில் மூன்று என் தலைக்கு நேராக இருந்தன.

நான் ஸ்வீடனிலிருந்து திரும்பி அன்றோடு ஒன்பது நாள். அங்கே என் சின்ன மகள் சுகுணா நர்ஸாக வேலை பார்க்கிறாள். ஏழு மாதக் கர்ப்பம். பிரசவம் முடியும்வரை இருக்கட்டும் என்று என் மனைவியை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். என்னை ஆறு வாரத்தில் விமானம் ஏற்றிவிட்டார்கள். அந்த ஆறு வாரத்தில் நான் கேட்ட கார் ஹாரன் மொத்தம் மூன்று. பள்ளிக்கூடச் சிலேட்டைப் போல ஒரு ரொட்டி தினமும் கொடுத்தார்கள். கடித்தால் ரொட்டி உடையுமா பல் உடையுமா என்று குடும்பமே ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்கும்.

எண்ணுவது எனக்குத் தொழில். முப்பத்தொரு ஆண்டு புள்ளியியல் துறையில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தவன். ஒரு வீட்டில் எத்தனை பேர், எத்தனை கோழி, மாதம் எத்தனை கிலோ புளி என்று எழுதி எழுதி, எழுபத்து மூன்று வயதிலும் கண்ணில் படுவதை எண்ணாமல் இருக்க முடிவதில்லை. என் மனைவி இதை வியாதி என்பாள்.

திருப்பதிக்கு நான் கிளம்பியது சாமி பார்க்க அல்ல. பெரிய மகள் ரேவதியிடம் ஒரு கேள்வி கேட்க. அந்தக் கேள்வி ஸ்வீடனில் கிடைத்தது.

அங்கே கர்ப்பிணிகளைப் பார்க்கும் கிளினிக்குக்கு ஒரு நாள் சுகுணாவுக்குத் துணையாகப் போனேன். எடை, இரத்த அழுத்தம் எல்லாம் என் முன்னாலேயே பார்த்தார்கள். பிறகு அங்கிருந்த நர்ஸம்மா, ஐம்பத்தைந்து வயது இருக்கும், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். வெளியே போ என்பதை அந்த ஊரில் அப்படித்தான் சொல்கிறார்கள். ஏழு நிமிடம் வெளியே உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும் வழியில், "அப்படி இன்னா ரகசியம் கேட்டாங்க?" என்றேன்.

"வீட்ல யாராவது அடிக்கறாங்களா, யாரையாவது பாத்தா பயமா இருக்கானு கேட்டாங்க நைனா. வர்ற எல்லார்கிட்டயும் கேப்பாங்க. கூட வந்தவங்களை வெளிய அனுப்பிட்டுத்தான் கேப்பாங்க."

"என்னைப் பாத்தா அடிக்கற ஆளு மாதிரி இருக்கா?"

"ஆளைப் பாத்துக் கேக்கறது இல்ல நைனா. எல்லாரையும் கேக்கறது. அதான் விஷயம்."

எனக்கு அவமானமாக இருந்தது. அடுத்த முறை கையில் ஒரு பத்திரிகையோடு போனேன். பணக்கார நாடுகளிலேயே, பெண்களுக்குச் சம உரிமை அதிகம் என்று பேர் வாங்கிய இந்த வட ஐரோப்பிய நாடுகளில்தான், அடி வாங்கினேன் என்று சொல்லும் பெண்கள் அதிகம், தெற்கே இருக்கிற பல பணக்கார நாடுகளில் அது குறைவு என்று அதில் போட்டிருந்தது. "உங்க நாட்டு லட்சணம் இது, என்னை வெளிய அனுப்பறீங்களா" என்று கேட்கச் சொன்னேன். சுகுணா அதைப் பாதியாகக் குறைத்துத்தான் மொழிபெயர்த்திருப்பாள். நர்ஸம்மா கோபப்படவில்லை. அவர் சொன்னதை சுகுணா எனக்குச் சொன்னாள்:

"நாங்க கேக்கறோம், அதனால சொல்றாங்க. எங்க அம்மா தெற்கே இருந்து கல்யாணம் ஆகி வந்தவங்க. அவங்க ஊர்ல எண்ணிக்கை கம்மிதான். அவங்களை ஆயுசு முழுக்க யாரும் கேட்டதே இல்ல."

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். "அப்போ அடி ஒண்ணும் அதிகம் இல்ல, நீங்க எண்றதுதான் அதிகம்னு சொல்லுங்க" என்றேன்.

அது அவருக்குப் பிடிக்கவில்லை. "அப்படி எழுதிக்காதீங்க. இங்கயும் அடிக்கறாங்க. குழந்தைக்குத் துணி மாத்தறவன், சமைக்கறவன், அவனும் அடிக்கறான். குடியும் இருக்கு. பொண்ணு கையில சம்பளம் இருக்கு, வெளிய வந்தா தங்க இடம் கிடைக்கும், அதனால வாயைத் திறந்து சொல்றா. எவ்வளவு கேட்டதால தெரிஞ்சுது, எவ்வளவு நிஜமாவே அதிகம்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு சொல்றவங்களை நான் நம்பறதும் இல்ல. சரி, நீங்க கணக்கெடுத்தவராமே, நீங்க எப்படிக் கேப்பீங்க?"

எங்கள் படிவத்தில் "தகவல் தந்தவர்" என்று ஒரு கட்டம் உண்டு. குடும்பத் தலைவர் என்றால் 1. முப்பத்தொரு ஆண்டில் அதில் நான் 1 தவிர வேறு எழுதியது அபூர்வம். மனைவிக்கு என்ன வயது, என்ன நோய், எத்தனை பிரசவம் என்பதையெல்லாம் கணவன்தான் சொல்வான். அவள் வாசற்படிக்குப் பின்னால் நின்று, தப்பாகச் சொன்னால் இருமுவாள். நான் இருமலை எழுதிக்கொண்டதில்லை.

எனக்கு இரண்டு மகள்கள். ஒருத்தியை யாரோ வேற்று நாட்டுக்காரர்கள் கேட்டுவிட்டார்கள். இன்னொருத்தி திருப்பதிக்கு வாழ்க்கைப்பட்டுப் பத்தொன்பது வருடமாகிறது. யாரும் கேட்கவில்லை. விமானத்தில் இதை நினைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சித்தூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஊர் எல்லை தாண்டுவதற்குள் எங்கள் டிரைவர் அடித்த ஹாரன் நாற்பத்தொன்று. ஸ்வீடன்காரர்கள் ஒரு பரம்பரைக்கு வைத்துச் செலவழிப்பதை இவர் பத்து நிமிடத்தில் தீர்த்துவிட்டார். புத்தலப்பட்டு வந்ததும் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பின் டயர் பஞ்சர். ஸ்டெப்னியைக் கழற்றிப் பார்த்தார்கள், அதிலும் காற்று இல்லை. கண்டக்டர் ஒரு பெண். "யாரும் கவலைப்படாதீங்க, பின்னால வர்ற பஸ்ல ஏத்தி விடறேன்" என்று தெலுங்கில் சொன்னார். பின்னால் வந்த இரண்டு பஸ்களும் எங்கள் கூட்டத்தைப் பார்த்ததும் வேகத்தைக் கூட்டின. ஐம்பத்தைந்து நிமிடம் அங்கேயே நின்றோம்.

எதிரே ஒரு டீக்கடை. கணவன் மிளகாய் பஜ்ஜி போட, மனைவி டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்வியை நான் வாழ்நாளில் ஒரு முறைகூட யாரிடமும் கேட்டதில்லையே, ஒத்திகை பார்ப்போம் என்று தோன்றியது. டீ கொண்டு வந்தவளிடம், "அம்மா, ஒரு கணக்குக்காகக் கேக்கறேன். வீட்டுக்காரர் உன்னை அடிப்பாரா?" என்றேன்.

அவள் அடுப்பைப் பார்த்தாள். கரண்டியோடு நின்றவன், "இன்னா கேக்கறாரு?" என்றான்.

"ஒண்ணும் இல்ல. டீக்குச் சக்கரை கேக்கறாரு" என்று சொல்லி, என் தம்ளரில் இரண்டு ஸ்பூன் சர்க்கரையைக் கொட்டிவிட்டுப் போய்விட்டாள். எனக்குச் சர்க்கரை வியாதி.

பக்கத்தில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்த ஒரு பெண் சிரித்தாள். எங்கள் பஸ்ஸில் வந்தவள்தான், ஐம்பது வயது இருக்கும். "இன்னா சார் நீ. அவன் அடுப்பாண்ட நின்னுக்கினு இருக்கான், நீ இவளைக் கேக்கற. இல்லைன்னுதான் வரும்."

ஸ்வீடன் கதையை அவளுக்குச் சொன்னேன். அவள் பதினாலு வருடம் குவைத்தில் வீட்டு வேலை பார்த்தவளாம். "அதுவும் பணக்கார ஊருதான் சார். பெட்ரோலு தண்ணி மாதிரி. நான் இருந்த வூட்ல அய்யா அம்மாவை அடிப்பாரு, அம்மா என்னை அடிக்கும். ஒருத்தரும் எழுதிக்கல. உன் கணக்குல எங்க வூடு சுத்தமான வூடு."

"யாராவது எழுதிக்க வந்திருந்தா சொல்லியிருப்பியா?"

"பாஸ்போர்ட்டு அம்மாகிட்ட இருந்துது சார்" என்று சொல்லி மீதிப் பஜ்ஜியை வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு, "யாரைக் கேக்கறதுக்கு இவ்ளோ தூரம் போய்க்கினு இருக்க?" என்றாள்.

"என் பொண்ணை."

அவள் சிரிப்பு நின்றது. "தனியா இருக்கசொல்லோ கேளு. ஆமான்னு சொன்னா இன்னா செய்வேன்னு முதல்ல யோசிச்சி வெச்சிக்கினு கேளு. சும்மா கேட்டுட்டு ஊருக்குப் போய்ட்டீனா, கேக்காம இருந்ததே நல்லதாப் போயிடும்."

மூன்றாவதாக வந்த பஸ் நின்றது. திருப்பதி வரை நின்றுகொண்டே போனேன்.

மாப்பிள்ளை முரளி பஸ் ஸ்டாண்டில் காரோடு காத்திருந்தார். யாத்திரைக்காரர்களை மலைக்கும் காளஹஸ்திக்கும் கூட்டிப்போகிற வண்டிகள் இரண்டு வைத்திருக்கிறார். குனிந்து என் காலைத் தொட்டார். பையை வாங்கிக்கொண்டார். "மாமா, பஸ்ல ஏறிட்டுச் சொல்றதுக்கு, நேத்தே ஒரு போன் பண்ணியிருந்தா சித்தூருக்கே வண்டி அனுப்பியிருப்பேனே" என்றார். வீட்டுக்குப் போனதும் ராகிக் களி, வேர்க்கடலைச் சட்னி, நாட்டுக்கோழிக் குழம்பு. எனக்குப் பிடிக்கும் என்று அவரே சொல்லிச் செய்ய வைத்தாராம். வேலைக்கு லீவு போட்டுவிட்டு ரேவதி பரிமாறினாள். மெலிந்திருந்தாள். "உடம்பு எப்படிம்மா இருக்கு?" என்று அவளைக் கேட்டேன். "நல்லா இருக்கா மாமா" என்றார் முரளி. தகவல் தந்தவர்: 1.

செவ்வாய் மாலையும் புதன் முழுதும் அவளைத் தனியாகப் பிடிக்க ஏழு முறை முயன்றேன். தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போனால், ஃபில்டர் வாட்டரோடு மாப்பிள்ளை வந்தார். துணி எடுக்க மாடிக்குப் போனவள் பின்னால் போனால், எனக்கு நாற்காலியோடு மாப்பிள்ளை வந்தார். அவள் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். சாயங்காலம் அழைத்துவரப் போகலாம் என்று தெருவில் இறங்கினால், கார்க் கதவைத் திறந்துகொண்டு நின்றார். கோவிந்தராஜர் கோயிலுக்குப் போனோம், எங்கள் இருவருக்கும் நடுவே நடந்தார். ஒரு மாப்பிள்ளை மாமனாரை இப்படிக் கவனிப்பதை ஊரே மெச்சும். பத்தொன்பது வருடம் நானும் மெச்சிக்கொண்டிருந்தேன்.

புதன் இரவு சாப்பாட்டில் ஒரு யோசனை வந்தது. "எனக்கு மலைக்கு நடந்து போகணும்னு ஒரு வேண்டுதல்" என்றேன். அப்படி எந்த வேண்டுதலும் கிடையாது. எனக்கும் பெருமாளுக்கும் வரவு செலவு நின்று பல வருடம் ஆகிறது. முரளிக்கு இரண்டு முட்டியும் தேய்மானம். படி ஏறினால் மறுநாள் கிளட்ச்சை மிதிக்க முடியாது. "இந்த வயசுல தனியாவா மாமா?" என்றார். "ரேவதி ஒரு நாள் லீவு போட்டுட்டு வரட்டும்" என்றேன். "சரி, நான் வண்டியில மேல வந்து நிக்கறேன்" என்றார் கடைசியில்.

வியாழன் காலை ஐந்தரை மணிக்கு, மலைப்படிகள் தொடங்கும் அலிபிரி. மொத்தம் மூவாயிரத்து ஐந்நூற்று ஐம்பது படி என்று எல்லோரும் சொல்கிறார்கள். யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்ற சந்தேகம் எனக்கு உண்டு, அதனால் எண்ணத் தொடங்கினேன். எங்களுக்கு முன்னால் இரண்டு பெண்கள் ஒவ்வொரு படிக்கும் குனிந்து மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டே போனார்கள். படிக்கு ஒரு குனிதல். அவர்கள் இடுப்பை நினைத்து எனக்குப் பயமாக இருந்தது. கூரை போட்ட பாதை, அதனால் மழை படவில்லை. ஐந்நூறு வந்ததும் கேட்கலாம் என்று நினைத்தேன். ஐந்நூறில் மூச்சு வாங்கியது. ஆயிரம் வந்ததும் கேட்கலாம் என்று நினைத்தேன். ஆயிரத்தில் உப்பும் மிளகாய்ப் பொடியும் தூவிய மாங்காய்த் துண்டு விற்றார்கள், வாங்கித் தின்றோம்.

இதற்குள் ரேவதியின் கைபேசி ஒன்பது முறை அடித்திருந்தது. ஒவ்வொரு முறையும் மூன்றாவது ரிங் முடிவதற்குள் எடுத்தாள். எத்தனையாவது படி என்று என்னைக் கேட்டு அவருக்குச் சொன்னாள். அக்கறை என்று முதல் மூன்றை எண்ணினேன். மீதி ஆறை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

ஆயிரத்து முந்நூற்று நாற்பதாவது படியில் நின்றேன். "ரேவதி, முரளி உன்னை அடிக்கறாரா?"

போன வருடத்து கரண்ட் பில்லை இப்போது கொண்டுவந்து நீட்டியவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். "எதை அடின்னு கணக்கு வெப்பீங்க நைனா?"

"அடின்னா அடிதான்."

"கன்னத்துல வெச்சா ஒண்ணு, சரி. தட்டை வீசினா? அது மேல படாம சுவத்துல பட்டா? வெளிய நிக்க வெச்சி கதவைச் சாத்தினா? அதுக்கெல்லாம் உங்க ஃபாரத்துல கட்டம் இருக்கா?"

கைபேசி அடித்தது. "ஆயிரத்து முன்னூத்தி நாப்பதுங்க. நைனாவுக்கு மூச்சு வாங்குது, நின்னுக்கினு இருக்கோம். ஆமா, பக்கத்துலதான் இருக்கார்." பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்க அம்மாவை எத்தனை தடவை அடிச்சிருப்பீங்க?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் எண்ணிக்கை கேட்டால் எண் தானாக வந்துவிடும். "ரெண்டு" என்றேன்.

"நான் பாத்ததே நாலு."

"அது அந்தக் காலத்துல..." என்று ஆரம்பித்தேன். முப்பத்தொரு ஆண்டு நான் எதிரே உட்கார்ந்து எழுதிக்கொண்ட குடும்பத் தலைவர்கள் எல்லோரும் என் வாய்க்குள்ளிருந்து பேசுவதுபோல இருந்தது. நிறுத்திக்கொண்டேன். ஒரே வீடு, ஒரே கல்யாணம், ஒரே கேள்வி. சொன்ன ஆள் மாறியதும் எண்ணிக்கை இரண்டு மடங்காகிவிட்டது. நாட்டுக்கு நாடு ஏன் மாறுகிறது என்று ஸ்வீடன்காரியிடம் போய் வாதாடியவன் நான்.

படி எண்ணிக்கை அந்த இடத்தில் விட்டுப்போனது. திருப்பதி மலைக்கு எத்தனை படி என்பது எனக்கு இன்னும் தெரியாது.

"ஆறு வருஷம் முன்னாடி ஒரு பையோட சித்தூர் வந்தேன். பதினோரு நாள் இருந்தேன். ஏன் வந்தேனு நீங்க கேக்கல" என்றாள்.

"தீபாவளிக்கு வந்தேன்னு நெனச்சேம்மா."

"தீபாவளி முடிஞ்சி பதினைஞ்சி நாள் ஆயிருந்துது நைனா. இவர் ஸ்வீட் பாக்ஸோட வந்தார். நீங்க பஸ் டைம் பாத்துச் சொன்னீங்க."

குவைத்துக்காரி சொன்னது நினைவுக்கு வந்தது. "இப்போ நான் இன்னா செய்யணும் சொல்லு. சித்தூர் வந்துடறியா?"

"வேணாம். அங்க வந்தா ஊரே கூடி சமாதானம் பேசி திருப்பி அனுப்பும். இங்கயே திருப்பதியில, பைராகிப்பட்டெடையில ஒரு மாடி போர்ஷன் பாத்து வெச்சி ரெண்டு மாசம் ஆச்சு. எங்க ஸ்கூல்ல ரிடையர் ஆன டீச்சரம்மா வீடு. என் சம்பளம் இவர் அக்கவுண்டுக்குப் போகுது, அட்வான்ஸ் கொடுக்கக் காசு இல்ல. பையன் வேலூர் ஹாஸ்டல்ல இருக்கான், அவனுக்குத் தெரியும். உங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னு இருந்தேன்."

"ஏன், வாயைத் திறந்து கேக்கறது?"

"நீங்க முதல்ல கேட்டாத்தானே நைனா."

மிச்சப் படிகளை முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். முழங்கால் முறிச்சான் என்று சொல்கிற செங்குத்துப் படிகளில் அவள்தான் என் கையைப் பிடித்து இழுத்தாள். கைபேசி மேலும் பதினான்கு முறை அடித்தது. கடைசி நான்கை அவள் எடுக்கவில்லை.

மேலே முரளி வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "போன் இன்னா ஆச்சு? வாங்க மாமா, ஸ்பெஷல் டிக்கெட் வாங்கி வெச்சிருக்கேன்."

"நான் பஸ்ல இறங்கறேன். வீட்டுக்கு வரல" என்றாள் ரேவதி. குரல் சின்னதாகத்தான் வந்தது.

அவர் அவளைப் பார்க்கவில்லை, என் பக்கம் திரும்பினார். "இன்னா மாமா இது? நீங்க சொல்லுங்க, இவளுக்கு இன்னா பிரச்சினையாம்?"

வாழ்நாள் பழக்கம். பதில் வாய்வரை வந்துவிட்டது. "என்னைக் கேக்காதீங்க மாப்பிள்ளை. அவளைக் கேளுங்க" என்றேன்.

அவர் கேட்கவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பத்தொன்பது வருடத்தில் என் கண் முன்னால் நடந்தது அது ஒன்றுதான். வளையல் ஒன்று உடைந்து கீழே விழுந்தது. ரேவதி இருந்த இடத்திலேயே நின்றாள்.

"கையை எடுங்க" என்றாள். "நைனா எண்ணிக்கினு இருக்கார்."

"ஒண்ணு" என்றேன் சத்தமாக. மொட்டை போட்டுக்கொண்டு வந்த ஒரு குடும்பம் அப்படியே நின்று எங்களைப் பார்த்தது, ஏழு பேர். முரளி கையை எடுத்தார்.

பஸ்ஸில் இறங்கினோம். சாமி பார்க்கவில்லை. பைராகிப்பட்டெடையில் வீட்டுக்கார டீச்சரம்மா எங்களை உட்கார வைத்து மோர் கொடுத்தார். தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு கொடுப்பதில் அவருக்குச் சங்கடம் உண்டா என்று கேட்டேன். "இந்த ஊர்ல பெருமாள் மேல இருக்கார், தாயார் கீழ திருச்சானூர்ல தனியாத்தான் இருக்காங்க. அவங்களை யாராவது கேக்கறாங்களா?" என்றார்.

அன்று மாலை ஸ்வீடனுக்குப் போன் போட்டு, என் மனைவியிடம், அவளை நான் எத்தனை முறை அடித்திருக்கிறேன் என்று கேட்டேன். "கையில பேனா இருக்கா?" என்றாள். இருபத்தாறு நிமிடம் சொன்னாள், தேதியில்லாவிட்டாலும் காரணத்தோடு சொன்னாள். அந்த எண்ணை இங்கே எழுதும் உரிமை எனக்கு இல்லை, அவள் வந்து எழுதினால் எழுதட்டும். இரண்டு இல்லை. நாலும் இல்லை.

வியாழன் முதல் சனி வரை மூன்று இரவு புது வீட்டில் பாய் போட்டுப் படுத்துவிட்டு, ஞாயிறு காலை தனியாகச் சித்தூர் பஸ் ஏறினேன். போகும்போது பஸ், டீ, பஜ்ஜி, மாங்காய், மலைப் பஸ் எல்லாமாக இருநூற்று முப்பத்து மூன்று. மூன்று மாத வாடகை அட்வான்ஸ் பதின்மூன்றாயிரத்து ஐந்நூறு. அடுப்பு ஆயிரத்து நானூற்று ஐம்பது. பாயும் தலையணையும் முந்நூற்று எண்பது. பக்கெட் நூற்று இருபது. பூட்டு இரண்டு, முந்நூற்று நாற்பது. ஒன்று போதாதா என்று கேட்டேன், போதாது என்றாள். ஸ்வீடன் போன் முந்நூறு. திரும்பும் பஸ் எழுபது. ஆகப் பதினாறாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று ரூபாய்.